மைனாவுக்கு ஒரு ரெஸ்யூமே

திருத்தம்மா என்பது அவளுடைய சொந்தப் பெயர் அல்ல. அச்சகத்தில் இருபத்தெட்டு வருஷமாக மெய்ப்புப் பார்க்கிறாள். யாரோ ஒரு அச்சுக்கோப்பாளர் திருத்து என்ற சொல்லோடு அம்மாவை ஒட்டிக் கூப்பிட ஆரம்பித்தார், அதுவே நிலைத்துவிட்டது. சந்திப் பிழை இல்லாத பெயர் என்பதால் அவளும் ஆட்சேபிக்கவில்லை.

அந்த அச்சகத்தில் கதைப் புத்தகமோ பத்திரிகையோ அச்சாவதில்லை. மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருப்பார்களே, எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் ஒரு தாள், அதைத்தான் அச்சடிக்கிறார்கள். பெட்டியைத் திறந்ததும் முதலில் குப்பைக்குப் போவது அந்தத் தாள். உலகத்தில் எவருமே படிக்காத எழுத்தை ஒன்று விடாமல் படிப்பது திருத்தம்மாவின் தொழில். ஒரு புள்ளி காணாமல் போனால் அரை மாத்திரை ஐந்து மாத்திரையாகிவிடும் என்பதால், அவள் ஒவ்வொரு தாளையும் மூன்று முறை படிப்பாள். மூன்றாவது முறை கடைசியிலிருந்து தலைகீழாக.

இப்படிப்பட்டவளுக்கு உலகத்தோடு ஒத்துப்போவது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லவேண்டியதில்லை. அவள் குடியிருந்த அடுக்குமாடியில் லிஃப்டுக்குள் ஒட்டியிருந்த அறிவிப்பில் ஆறு பிழை. பென்சிலால் திருத்தினாள். சங்கத்துச் செயலாளர் புதுத் தாள் ஒட்டினார். அதில் எட்டு. வேலைக்குச் சேர்வதற்கு அவள் எழுதிய விண்ணப்பமே மூன்று வரிதான்: எனக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். கண்ணும் நன்றாகத் தெரியும். வேலை கொடுத்தால் செய்வேன். முதலாளி அதை இரண்டு தரம் படித்துவிட்டு, மறுநாளே வரச் சொன்னார்.

அவளுடைய அண்ணன் வேறு ரகம். தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்பவன். ஒரு டம்ளர் தண்ணீரைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் பேச ஆரம்பித்தால், கேட்பவருக்கு அதுவரை குடித்த தண்ணீரெல்லாம் வயிற்றுக்குள் புரளும். சின்ன விஷயத்தைச் சின்னதாகச் சொல்ல அவனுக்கு வராது. பேசவே பேசாத தன் ஒரே மகளுக்கு மைனா என்று செல்லப்பெயர் வைத்தவனும் அவன்தான்.

ஒரு சனிக்கிழமை காலை அவன் ஒரு மடிக்கணினியோடும் மைனாவோடும் திருத்தம்மாவின் வீட்டுக்கு வந்தான். மைனா பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் தறுவாயில் இருந்தாள்.

"கல்லூரிக்கு அப்ளிகேஷன் போடணும். மார்க் மட்டும் பார்க்க மாட்டாங்களாம். ரெஸ்யூமே கேக்கறாங்க. ஒரே பக்கம். படிப்பைத் தவிர இந்தப் புள்ள வேற என்ன செஞ்சிருக்குன்னு எழுதணும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு சான்று இணைக்கணும். அப்புறம் நேர்காணல். நான் எல்லாம் ரெடி பண்ணிட்டேன். நீ எழுத்துப்பிழை மட்டும் பாரு, போதும்" என்றான்.

"எப்ப கடைசி நாள்?"

"அடுத்த திங்கள் சாயங்காலம் அஞ்சு மணி. நிறைய டைம் இருக்கு."

திருத்தம்மா தாளை வாங்கினாள். மூக்குக்கண்ணாடியைப் போட்டாள். முதல் வரியிலேயே நின்றுவிட்டாள்.

"சுற்றுச்சூழல் மன்றத் தலைவின்னு போட்டிருக்கே. அப்படி ஒரு மன்றம் இருக்கா?"

"இருந்துச்சு" என்றான் அண்ணன். "செடி நட்டாங்க. ஃபோட்டோ இருக்கு."

"அந்தச் செடி?"

"செத்துப்போச்சு அத்தை" என்றாள் மைனா. வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அது.

"வட்டார அளவிலான சதுரங்க வீராங்கனை. இது எப்ப?"

"வேடிக்கை பார்க்கத்தான் போனேன்."

"நாலு மொழியில சரளமாப் பேசுவாளாம். எந்த நாலு?"

மைனா தரையைப் பார்த்தாள். அதில் ஒரு மொழியில் அவளுக்கு நன்றி மட்டும் சொல்லத் தெரியும். இன்னொன்றில் அதுவும் தெரியாது.

திருத்தம்மா சிவப்புப் பேனாவை எடுத்தாள். அடித்துக்கொண்டே போனாள். கடைசி வரியில், தலைமைப் பண்பு, கடின உழைப்பு, நேர்மை என்று இருந்தது. "இத்தனை பொய்க்கு நடுவுல நேர்மையை எங்க உட்கார வைக்கப் போற?" என்று அதையும் அடித்தாள். தாளில் மிஞ்சியவை பெயரும், பிறந்த தேதியும், மதிப்பெண்ணும், முகவரியும்தான். முகவரியிலும் ஒரு பிழை இருந்தது.

"எல்லாரும் இப்படித்தாம்மா போடுறாங்க! நீ என்னமோ மருந்துச் சீட்டு மாதிரி பார்க்கற!"

"சான்று கேக்கறாங்கன்னு நீதானே சொன்ன? செத்த செடிக்கு எங்க போய்ச் சான்று வாங்குவ?"

அண்ணன் கொஞ்ச நேரம் கத்தினான். பிறகு விற்பனைக்காரனுக்கே உரிய லாவகத்தோடு தோல்வியை வெற்றியாக மாற்றிக்கொண்டான். "சரி, நீயே பண்ணிக் கொடு. தினம் சாயங்காலம் இவளை உன் வீட்டுக்கு அனுப்பறேன். நீ பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போயேவிட்டான்.

திருத்தம்மாவுக்குத் தன் வாயைத் தானே தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மைனா வந்தாள். திருத்தம்மா ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்தாள்.

"பள்ளிக்கூடம் விட்டு வந்து என்ன செய்வ?"

"ஒண்ணுமில்ல அத்தை."

"விளையாடுவியா?"

"எப்பவாவது."

"பாட்டு, படம் வரையறது, எதாவது?"

"இல்ல."

"லீவு நாள்ல?"

"சும்மா இருப்பேன்."

திங்கட்கிழமையும் இதே பாட்டு. செவ்வாய்க்கிழமை மைனா வரவில்லை. கணக்குச் சிறப்பு வகுப்பு இருக்கிறதாம். புதன்கிழமை வந்து மறுபடியும் "சும்மா" என்றாள். அச்சகத்தில் அந்த வாரம் கண் சொட்டு மருந்துக்கான தாள் ஒன்று ஏழு மொழியில் வந்து சேர்ந்திருந்தது. அதையெல்லாம் மூலத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு முடித்து, கண் எரிய, பஸ்ஸில் நின்றுகொண்டே வீடு வந்தால், இங்கே இந்தப் பெண் கிணற்றில் போட்ட கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. வெள்ளைத் தாள் வெள்ளையாகவே இருந்தது.

"ஏன்டி, பதினேழு வருஷமா நீ மூச்சு மட்டும்தான் விட்டியா?" என்று திருத்தம்மா கேட்டேவிட்டாள். கேட்ட பிறகு மனசு உறுத்தியது. மைனா அழவில்லை. அழுதிருந்தாலாவது பரவாயில்லை என்று தோன்றியது.

"சரி. நாள் வாரியாச் சொல்லு. திங்கள் நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விடும். அப்புறம்?"

ஒவ்வொரு நாளாகக் குறித்துக்கொண்டே வந்தாள். செவ்வாயும் வியாழனும் கணக்குச் சிறப்பு வகுப்பு, ஆறு மணி வரை.

"கணக்குல தொண்ணூத்தாறு வாங்கறியே, உனக்கு எதுக்கு அது?"

"அப்பா போகச் சொன்னார்."

"யார் எடுக்கறாங்க?"

"சார் ஒருத்தர்."

திருத்தம்மா எழுதிக்கொண்டாள். வேறு நாலு கேள்வி கேட்டாள். பிறகு ஏதோ நினைவில், "அந்தச் சிறப்பு வகுப்புல எத்தனை பேர்?" என்றாள்.

"மிஸ் பத்துப் பேரைத்தான் சேர்த்துக்குவாங்க."

திருத்தம்மா பேனாவை மூடி வைத்தாள்.

"ஒரே பக்கத்துல சார் மிஸ்ஸா மாறிட்டார். நான் இதைப் பார்த்துத்தான் சம்பளம் வாங்கறேன். எங்கடி போற?"

மைனா வெகுநேரம் மேஜையின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். பிறகு, "பஸ் டிப்போவுக்கு" என்றாள்.

திருத்தம்மாவின் மனம் ஒரு கணத்தில் எங்கெல்லாமோ போய்வந்தது. எந்தப் பையன், எத்தனை நாளாக, அண்ணன் காதில் விழுந்தால் என்ன ஆகும்? ஆனால் மைனா சொன்ன கதையில் பையன் யாரும் இல்லை.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் மைனா தன் ஜியோமெட்ரி பாக்ஸை பஸ்ஸிலேயே விட்டுவிட்டாள். அப்பா திட்டுவாரே என்று டிப்போவில் போய்க் கேட்டாள். தொலைந்த பொருள் அறை என்று ஒன்று இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டவர் முன்னாள் நடத்துநர். முதுகு போனதால் அங்கே மாற்றி உட்காரவைத்திருந்தார்கள். அவர் ஒரு குவியலைக் காட்டி, "உள்ளதான் கிடக்கும். தேடி எடுத்துக்கோ பாப்பா" என்றார். குடையும் பையும் ஒற்றைச் செருப்பும் இடுப்பளவுக்குக் குவிந்து கிடந்தன. பாக்ஸ் கிடைக்க மூன்று நாள் ஆனது. தேடுகிற போக்கில் ஒரு மூலையை ஒழுங்குபடுத்திவிட்டாள்.

"அதான் கிடைச்சிருச்சே. அப்புறமும் எதுக்குப் போன?"

"பார்க்கச் சகிக்கல அத்தை" என்றாள் மைனா. "மீதி மூணு மூலை அப்படியே கிடந்துச்சு."

திருத்தம்மாவுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஆனால் கோபம் மட்டும் வந்தது. "இதை முதல் நாளே சொல்றதுக்கு என்ன? மூணு நாளா என் பிராணனை வாங்கினியே!"

"கிளாஸைக் கட் அடிச்சதை எப்படி ரெஸ்யூமேல போடறது?"

திருத்தம்மா தாளில் கணக்கு வகுப்பை அடித்துவிட்டு, பஸ் டிப்போ என்று எழுதினாள்.

வெள்ளிக்கிழமை அச்சகத்தில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு இருவரும் டிப்போவுக்குப் போனார்கள். பணிமனைக்குப் பின்னால், எண்ணெய்க் கறை படிந்த படிக்கட்டுக்கு அடியில் அந்த அறை. உள்ளே நுழைந்ததும் திருத்தம்மா நின்றுவிட்டாள். பழைய டயர் அலமாரிகளில் சாமான்கள் மாத வாரியாக, வழித்தட எண் வாரியாக அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் நூல் கட்டிய ஒரு அட்டை. குடைகளுக்குத் தனி வரிசை, கண்ணாடிகளுக்குத் தனி வரிசை, ஒற்றைச் செருப்புகளுக்குக்கூடத் தனி வரிசை.

"ஒத்தைச் செருப்பை யாரு தேடிட்டு வருவா?"

"ரெண்டு பேர் வந்தாங்க" என்றாள் மைனா.

அறைக்காரர் முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டு எழுந்து, பதிவேட்டை எடுத்துக் கொடுத்தார். முன்பக்கங்கள் அவருடைய கையெழுத்தில் இருந்தன. பை ஒன்று. குடை ஒன்று. சாமான் ஒன்று. நடுவில் ஒரு பக்கத்தில் கையெழுத்து மாறியது. அதற்குப் பிறகு இப்படி இருந்தது: கறுப்புக் குடை, மூன்றாவது கம்பி வளைந்தது, கைப்பிடியில் நீல நூல், கடைசி இருக்கை ஜன்னல் பக்கம். பல்செட், மேல்வரிசை, மருந்துக் கடைப் பையில், அவசரம். குழந்தையின் காது கேட்கும் கருவி, இடது காது, மிக அவசரம்.

திருத்தம்மா நின்றபடியே நாற்பது நிமிஷம் படித்தாள். பிழையே இல்லை என்று சொல்ல முடியாது. இரண்டு இடத்தில் ஒற்று விட்டுப்போயிருந்தது. ஆனால் எந்த வரியைப் படித்தாலும் அந்தப் பொருளைக் கூட்டத்தில் அடையாளம் காட்டிவிடலாம். அவள் இருபத்தெட்டு வருஷமாகத் திருத்திய தாள்களில் பாதியைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

"முன்னெல்லாம் நூறு வந்தா பத்துகூடத் திரும்பிப் போகாதும்மா" என்றார் அறைக்காரர். "இப்ப பாதிக்கு மேல போகுது. பைக்குள்ள இருக்கற சீட்டு, லைப்ரரி கார்டு எல்லாத்தையும் பார்த்து, இந்தப் பாப்பாவே ஃபோன் போட்டுக் கூப்பிடும். ஃபோன்ல நல்லாப் பேசும்."

"இவளா? நல்லாப் பேசுமா?" என்று திருத்தம்மா மைனாவைத் திரும்பிப் பார்த்தாள். மைனா ஒரு குடையின் அட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"இதை ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்களேன்."

அறைக்காரரின் முகம் சுருங்கியது. "நான் எழுதினா என் வேலை போயிரும்மா. வெளியாளை உள்ள விடக்கூடாது. மேனேஜரைக் கேட்டுப் பாருங்க."

டிப்போ மேலாளர் மரியாதையானவர். நாற்காலியில் உட்காரச் சொன்னார். முழுவதையும் கேட்டார். பிறகு, "அந்தப் பொண்ணு வரவே இல்ல" என்றார்.

"என்னது?"

"விதிப்படி அந்த ரூமுக்குள்ள வெளியாள் வரக்கூடாதும்மா. வந்துச்சுன்னு நான் எழுதிக் கொடுத்தா, ஏன் விட்டீங்கன்னு என்னைக் கேப்பாங்க. அதனால வரல."

"வராத பொண்ணோட கையெழுத்துல ஒன்றரை வருஷப் பதிவேடு இருக்கே சார்!"

"அது எங்க ஊழியர் எழுதினது."

"உங்க ஊழியருக்கு இப்படி எழுத வருமா?"

"நல்லாத்தான் எழுதியிருக்கு, நான் இல்லன்னு சொல்லல" என்றார் மேலாளர் பெருந்தன்மையாக. "தலைமை அலுவலகத்துலேர்ந்து பாராட்டுக் கடிதமே வந்துச்சு."

"யாருக்கு?"

"எனக்கு."

திருத்தம்மாவுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. அந்தக் கடிதத்தின் நகலையாவது கொடுங்கள் என்று கேட்டாள். அது தன் சொந்தக் கோப்பில் இருக்கிறது என்றார். வெளியே வந்ததும் டிப்போ வாசலில் நின்று, அங்கே எழுதியிருந்த ஒரு பலகையில் நான்கு பிழையை எண்ணினாள். அதுவும் ஆறுதல் தரவில்லை. பொய்க்குச் சான்று வாங்கிவிடலாம் போலிருக்கிறது, உண்மைக்கு வாங்க முடியவில்லையே என்று பஸ் நிறுத்தத்தில் வாய்விட்டே சொன்னாள். பக்கத்தில் நின்றவர் சற்றுத் தள்ளி நின்றுகொண்டார்.

"அத்தை" என்றாள் மைனா. "பொருள் வாங்கிட்டுப் போனவங்க எழுதிக் கொடுத்தா சான்று ஆகுமா? பக்கத்துத் தெருவுல ஒரு தையல்காரர் இருக்கார்."

தையல்காரர் பள்ளிச் சீருடை தைப்பவர். முந்தின வருஷம் பள்ளி திறக்க ஒரு வாரம் இருக்கும்போது, தன் அளவு நோட்டை பஸ்ஸில் விட்டுவிட்டார். முந்நூறு பிள்ளைகளின் அளவு. நோட்டில் அவர் பெயர் இல்லை, முகவரி இல்லை. ஒரு பக்கத்தின் மூலையில் ஒரு பள்ளியின் பெயர் மட்டும் இருந்தது. மைனா அந்தப் பள்ளிக்கு ஃபோன் போட்டு, உங்கள் பிள்ளைகளுக்குச் சீருடை தைப்பவர் யார் என்று கேட்டுக் கண்டுபிடித்திருந்தாள்.

மைனாவைப் பார்த்ததும் தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தார். விஷயத்தைச் சொன்னதும் பில் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து, நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு எழுதினார்:

என் அலவு நோட்டை கண்டு புடிச்சி குடுத்தது இந்த பொன்னு தான். அதுல என் பேறே இல்ல. ஆனாலும் தேடி கண்டு புடிச்சிது. அன்னிக்கி அது கிடைக்கலன்னா என் கடை இன்னிக்கி இல்ல. இது சத்தியம்.

கையெழுத்துப் போட்டு, கடை முத்திரையும் குத்தினார். "எனக்கு எழுத்து வராதும்மா. தப்பு இருந்தா நீங்களே திருத்திக்குங்க" என்று நீட்டினார்.

திருத்தம்மா ஒரு தடவை படித்தாள். பொன்னு, பேறே, அலவு. அவளுடைய வலது கை தன்னால் பைக்குள் போய்ப் பேனாவைத் தொட்டது. திருத்தினால் அது தையல்காரரின் கடிதமாக இருக்காது. "வேண்டாங்க, இப்படியே இருக்கட்டும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லி, தாளை மடித்து வைத்தாள். வீடு போகும்வரை அந்த அலவு அவளைப் படுத்தியெடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில், பதிவேட்டில் இருந்தவை உட்பட, விஷயத்தை உடைத்தார்கள். அண்ணன் முதலில் நம்பவில்லை. பிறகு வீடு அதிரக் கத்தினான். ஒன்றரை வருஷமா? டிப்போவிலா? ஊராரின் ஒற்றைச் செருப்பையா? அண்ணி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "அந்தக் காது மெஷின் என்ன ஆச்சுடி? குழந்தையோட அம்மா வந்தாங்களா?" என்று கேட்டாள்.

"அன்னிக்கே வந்துட்டாங்கம்மா."

"அப்பாடா" என்று அண்ணி நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளைப் பொறுத்தவரை விவகாரம் அத்தோடு முடிந்துவிட்டது.

அண்ணனுக்கு முடியவில்லை. "எங்கிட்ட ஏன் சொல்லல? நான் என்ன வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?"

மைனா அவனை நேராகப் பார்த்தாள். "வேண்டாம்னு சொல்ல மாட்டீங்க. எல்லார்கிட்டயும் சொல்வீங்க. பெருசாச் சொல்வீங்க. அப்புறம் அது என்னோடதா இருக்காதுப்பா."

 திருத்தம்மா தன் அண்ணனை ஐம்பது வருஷமாக அறிவாள். அவன் பேச்சற்று நிற்பதை அன்றுதான் பார்த்தாள். கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. அவன் பால்கனியில் போய் நின்றான். கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தான். முகம் தெளிந்திருந்தது.

"தொலைந்த பொருள் மீட்பு இயக்கம்" என்றான். "நிறுவனர், தலைவர்னு போடலாமா?"

"அண்ணா!"

"சரி சரி. இயக்கம் வேண்டாம்."

திங்கட்கிழமை மதியம் மூன்று பேரும் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தார்கள். ரெஸ்யூமே அரைப் பக்கத்தோடு முடிந்துவிட்டது. மீதி அரைப் பக்கம் காலி. "கீழ எதாவது போடேன், வீடு காலி பண்ணின மாதிரி இருக்கு" என்று அண்ணன் தவித்தான். "போடறதுக்கு இல்லாதப்ப காலியாத்தான் இருக்கும்" என்றாள் திருத்தம்மா.

அதைவிடப் பெரிய தொல்லை விண்ணப்பப் படிவத்தில் இருந்தது. செயல்பாட்டின் வகையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. விளையாட்டு, கலை, தலைமை, சமூக சேவை. மைனா நான்கையும் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். கடைசியில் பிற என்று ஒன்று இருந்தது. அதைத் தொட்டால், எண்பது எழுத்துக்குள் விவரிக்கவும் என்றது. திருத்தம்மா விரல்விட்டு எண்ணி எழுதிக் கொடுத்த வாசகத்தை அந்தப் பெட்டி ஏற்கவில்லை. சிவப்புக் கோடு போட்டது. மறுபடி எண்ணினாள். அறுபத்தொன்பதுதான். பிறகுதான் புரிந்தது, 'பொ' என்பதை அந்த இயந்திரம் இரண்டாக எண்ணுகிறது. புள்ளி வைத்த மெய்யையும் இரண்டாக எண்ணுகிறது.

"பொ ஒரு எழுத்துடா!" என்று அவள் கணினித் திரையைப் பார்த்துக் கூவினாள். "ஒண்ணாங்கிளாஸ் புள்ளைக்குத் தெரியும்!"

"அத்தை, மணி நாலு" என்றாள் மைனா.

ஒவ்வொரு சொல்லாக உதிர்த்தார்கள். வாரம் இரு நாள் என்பது போனது. முதலில் அண்ணன், திரும்பக் கொடுத்த பொருள் சுமாராக முந்நூற்றைம்பது என்று போடச் சொன்னான். மைனா பதிவேட்டிலிருந்து எடுத்து வைத்திருந்த கணக்கைப் பார்த்து, முந்நூற்று முப்பத்தொன்று என்றாள். நாலு மணி நாற்பது நிமிஷத்துக்கு இந்த வரி பெட்டிக்குள் நின்றது: பஸ் டிப்போ தொலைந்த பொருள் அறையில் 18 மாதம். பதிவு 612. உரியவரிடம் சேர்ந்தது 331. இயந்திரத்தின் கணக்குப்படி சரியாக எண்பது. திருத்தம்மா அதைத் தலைகீழாகவும் ஒருமுறை படித்துவிட்டு, "அனுப்பு" என்றாள்.

ஒரு மாதம் கழித்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. நேர்காணல் ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்றார்கள். மைனா உள்ளே போய் இருபது நிமிஷம் ஆயிற்று. அண்ணன் நடைவழியில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, அங்கே காத்திருந்த இன்னொரு தகப்பனுக்கு இயந்திரம் ஒன்றைப் பாதி விற்றுவிட்டான். திருத்தம்மா சுவரில் இருந்த பாடத்திட்டப் பட்டியலை, படிக்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே, படித்தாள்.

மைனா வெளியே வந்தாள். "என்ன கேட்டாங்க?" என்று இருவரும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள்.

"மழை பெய்யற அன்னிக்குத்தான் குடை நிறைய தொலையுமான்னு கேட்டாங்க. இல்ல, மழை பெஞ்சு பாதியில நின்ன அன்னிக்குத்தான்னு சொன்னேன். எப்படித் தெரியும்னாங்க. மாச வாரியாச் சொன்னேன். அப்புறம் எந்த பஸ்ல, எந்த சீட்டுலன்னு கேட்டுட்டே இருந்தாங்க. நானும் சொல்லிட்டே இருந்தேன்."

"நீயா? இருபது நிமிஷமா?" என்றான் அண்ணன்.

"இன்னும் இருந்துச்சுப்பா. அவங்கதான் போதும்னுட்டாங்க."

முதல் பட்டியலில் அவள் பெயர் இல்லை. அண்ணன் அந்த வாரம் முழுக்கத் திருத்தம்மாவிடம் பேசவில்லை. சதுரங்கத்தையாவது விட்டுவைத்திருக்கலாம் என்று அண்ணியிடம் சொல்லி அனுப்பினான். இரண்டாவது பட்டியலில் பெயர் வந்தது. அதுவும் அவன் முதல் விருப்பமாகப் போடச் சொன்ன பொறியியலில் அல்ல. மைனா மூன்றாவதாகத் தானே தட்டி வைத்திருந்த புள்ளியியலில். அதைப் படித்து என்ன ஆவது என்று அண்ணன் மறுபடியும் ஒரு மூச்சுக் கத்தினான். மைனா சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தி, "எனக்கு அதுதான்ப்பா வேணும்" என்றாள். ஆறே சொல்லில் ஏழெட்டு நாள் சண்டை முடிந்துபோயிற்று என்று திருத்தம்மா மனசுக்குள் கணக்குப் போட்டாள்.   ஆறு இல்லை, மூன்றுதான் என்பது வீட்டுக்கு வரும் வழியில்தான் அவளுக்குத் தோன்றியது. தானே தப்பாக எண்ணியதில் அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது.

கல்லூரி திறப்பதற்கு முந்தின நாள், விடுதிக்குப் பெட்டி அடுக்க வரும்படி மைனா ஃபோன் செய்தாள். திருத்தம்மா போனபோது, பெட்டியை அடுக்குவது எப்படி என்று அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து விளக்கிக்கொண்டிருந்தான். அடியில் கனமானவை, மேலே லேசானவை, ஓரத்தில் சிறியவை. அரை மணி நேரமாக விளக்குகிறானாம். ஒரு துணியைக்கூட மடிக்கவில்லை. அத்தையும் மருமகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஆளுக்கொரு தோளைப் பிடித்து அவனை மெதுவாக அறைக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டு, கதவைச் சாத்தினார்கள்.